ஈசூன் சமூகத் தோட்டத்தில் சோயா செடிகள் வாடிச் சாகின்றன: இது அந்த அமெரிக்க நோயா?

மல்லிச்செடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டம் இருக்கிறது. அதில் பலகை அடைத்து உயர்த்திய பாத்தி ஒன்று என் பொறுப்பு. பேரப்பிள்ளைகளுக்கு எடமாமே, அதாவது அவித்த பச்சைச் சோயாக் காய் என்றால் உயிர். உறைய வைத்த பொட்டலத்தை வாங்கி மாளவில்லை என்று நானே சோயா போட ஆரம்பித்தேன். போன தடவை சுமாராக வந்தது. இந்தத் தடவை கதையே வேறு.

செடி முழங்கால் உயரம் வருவதற்குள் பூத்துவிட்டது. பிஞ்சு பிடிக்கிற நேரத்தில், பாத்தியின் ஒரு மூலையில் இருந்த செடிகள் மத்தியானம் துவண்டு சாயங்காலம் நிமிர்ந்தன. அப்புறம் சாயங்காலமும் நிமிரவில்லை. இலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. நரம்புக்கு நடுவே மஞ்சள், பிறகு பழுப்பு, கடைசியில் பொரித்த அப்பளம் மாதிரி கையில் நொறுங்குகிறது. மூலையில் ஆரம்பித்தது இப்போது பாதிப் பாத்தி வரைக்கும் வந்துவிட்டது.

தோட்டத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பக்கத்துப் பாத்தி அங்கிள் தண்ணீர் போதவில்லை என்கிறார். குழுத் தலைவி தண்ணீர் அதிகம் என்கிறார். நர்சரியில் பூஞ்சைக்கொல்லி வாங்கிக் கலக்கி வேரடியில் ஊற்றிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஊற்றிய பிறகும் செடி போய்க்கொண்டேதான் இருக்கிறது. மகன் இணையத்தில் தேடி ஒரு படம் காட்டினான். அமெரிக்காவில் சோயாவுக்கு வரும் திடீர் மடிவு நோயாம். அந்த இலை அச்சு அசல் என் செடியின் இலைதான். நூற்புழுவும் (வேரைத் தாக்கும் நுண்ணிய மண்புழு வகை இல்லை, கண்ணுக்குத் தெரியாத நூல் போன்ற புழு) பூஞ்சையும் சேர்ந்துகொண்டால் அது இன்னும் மோசமாகும் என்றும் போட்டிருந்தது.

இது அதுதானா? பாத்தி மண்ணையெல்லாம் அள்ளிக் கொட்ட வேண்டுமா? மீதி இருக்கும் காயைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? முன்னே இந்தப் பாத்தியில் வெண்டையும் கத்தரியும் மாற்றி மாற்றிப் போட்டிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கம்பத்துத் தாத்தா எழுதியது:

அந்தக் காலத்தில் கம்பத்தில் நாங்கள் போடாத செடியா? வேப்பம் புண்ணாக்கு போடுங்கள். பாத்தியின் நான்கு மூலையிலும் செண்டுமல்லி நடுங்கள், புழுவெல்லாம் ஓடிவிடும். மருந்துக்குக் காசைக் கொட்டாதீர்கள். சோயாவை விடுங்கள், காராமணி போடுங்கள், இந்த ஊருக்கு அதுதான் சரி.

நெல்லிக்காய் எழுதியது:

மல்லிச்செடி அக்கா, இனிமேல் எதையும் ஊற்றாதீர்கள். என்னவென்று பார்த்துவிட்டு ஊற்றலாம்.

நான் இலினாயில் பயிர் நோயியல் படித்தவள். கோடையெல்லாம் சோயா வயலில் மண்வெட்டியும் வாளியுமாக அலைந்ததுதான் என் படிப்பு. இப்போது ஜூரோங்கில் ஓர் உணவுத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை. நோய் வந்த வேரைக் கையில் பிடித்து எவ்வளவோ காலமாகிறது, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் கை துறுதுறுக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் காட்டிய படம் நிஜமான படம்தான். ஆனால் அந்த இலையை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் வைக்க முடியாது. வேரோ தண்டோ கெட்டுப்போனால் சோயா இலை அப்படித்தான் காட்டும். திடீர் மடிவு, பழுப்புத் தண்டழுகல், தண்டுச் சொறி எல்லாம் இலையில் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். வயலில் நாங்கள் இலையைப் பார்த்து இடத்தைத்தான் குறிப்போம். பெயர் சொல்வது செடியைப் பிடுங்கிப் பார்த்த பிறகுதான்.

திடீர் மடிவு நோயை முதலில் 1971இல் ஆர்கன்சா மாநிலத்தில் கவனித்தார்கள். காரணம் ஃபியூசேரியம் விர்குலிஃபார்மே என்ற பூஞ்சை. அது இலைக்கு ஏறாது. வேரிலும் அடித்தண்டிலும் உட்கார்ந்துகொண்டு நஞ்சை மட்டும் மேலே அனுப்பும். இலைகள் உதிர்ந்த பிறகும் காம்புகள் தண்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பூஞ்சை வேருக்குள் நன்றாகப் புகுவதற்கு, விதைத்த புதிதில் மண் குளிர்ந்து நசநசவென்று இருக்க வேண்டும். வசந்த காலத்தில் 15 டிகிரி அளவில் இருக்கும் இலினாய் மண் அதற்குத் தோது. ஈசூனில் டிசம்பர் மழை விடாமல் பெய்தாலும் மண் அந்தக் குளிருக்கு இறங்காது.

அதோடு சேர்த்துப் பேசப்படும் நூற்புழு ஹெட்டெரோடெரா கிளைசின்ஸ், அதாவது சோயா முட்டைக்கூடு நூற்புழு. அமெரிக்காவில் அதை 1954இல் வட கரோலினாவில் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு அங்கே சோயா விளைச்சலை மற்ற எந்த நோயையும்விட அதிகமாகக் குறைப்பது அதுதான். பெண் புழு வேரில் தலையை நுழைத்து, உடம்பு வெளியே புடைத்து, வெள்ளையாகத் தெரியும். செத்த பிறகு அந்த உடம்பே கெட்டித்து முட்டைகளுக்குக் கூடாகிவிடும். உள்ளே இருக்கும் முட்டைகள் மண்ணில் வருஷக்கணக்கில் தாங்கும். அந்தக் கூட்டுக்குள்ளிருந்தே ஃபியூசேரியம் பூஞ்சையைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே வயலில் இருந்தால் மடிவு கடுமையாவதுண்டு. எல்லாச் சோதனையிலும் அப்படி வந்ததில்லை. ஆனாலும் அங்கே விவசாயிக்குச் சொல்லும் முதல் வார்த்தை, மடிவு நோய் வந்த வயலில் நூற்புழுவுக்கும் மண்ணைச் சோதித்துவிடு என்பதுதான்.

உங்கள் பாத்தியில் அந்த ஜோடி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வேறு ஒரு ஜோடி இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். வெண்டை, கத்தரி என்று கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னீர்களே, அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். முழுக்கச் செத்த செடி வேண்டாம், அதில் அழுகலைத் தின்ன வந்த விருந்தாளிகள்தான் இருப்பார்கள். பாதி வாடிய செடி ஒன்று, நன்றாக இருப்பதுபோல் தெரியும் செடி ஒன்று, இரண்டையும் எடுங்கள். இழுத்தால் நுனி வேர் மண்ணிலேயே தங்கிவிடும். சிறு மண்வாரியால் சுற்றித் தோண்டி, மண்கட்டியோடு தூக்குங்கள். வாளித் தண்ணீரில் ஊற வைத்து, மண் தானாகக் கரையும்வரை அலசுங்கள். வேரில் உருண்டைகள் இருந்தால் விரல் நகத்தால் தள்ளிப் பாருங்கள். ரைசோபியம் என்ற நல்ல பாக்டீரியாவின் முடிச்சு வேரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், தள்ளினால் உதிரும், வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பு. அது செடிக்கு நல்லது செய்வது. வேர்முடிச்சு நூற்புழுவின் வீக்கம் அப்படி உதிராது, ஏனென்றால் அங்கே வேரே பருத்திருக்கும். அடுத்து, மண்மட்டத்தில் தண்டைப் பாருங்கள். கடைசியாகக் கத்தியால் தண்டை நெடுக்காகப் பிளந்து, நடுச்சோறு என்ன நிறம் என்று சொல்லுங்கள்.

கம்பத்துத் தாத்தா, புண்ணாக்கைப் பற்றிப் பிறகு பேசுவோம் ஐயா. நான்கு மூலையில் நான்கு செண்டுமல்லி என்பது சாமிக்கு வைக்கத்தான் ஆகும்.

மல்லிச்செடி எழுதியது:

நெல்லிக்காய், நீங்கள் சொன்னபடி செய்தேன். அந்த வேரைப் பார்த்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

வாடிய செடியின் வேர் பாதிக்குப் பாதி வீங்கிப் போயிருக்கிறது. சின்னச் சின்ன வீக்கம் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, கோணல்மாணலாக இருக்கிறது. நகத்தால் தள்ளினால் உதிரவில்லை, அழுத்தித் தள்ளினால் வேரே அறுந்துவிடுகிறது. மெல்லிய வேர் என்று ஒன்றுமே இல்லை. உருண்டையாக உதிர்ந்தவையும் சில இருந்தன. ஒன்றை வெட்டினேன், உள்ளே லேசான சிவப்பு. மற்றவை உள்ளே பச்சையும் பழுப்புமாக இருந்தன. நன்றாக இருந்த செடியிலும் வீக்கம் இருக்கிறது, கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். மேலே பார்த்தால் அந்தச் செடி பச்சைப் பசேல் என்று நிற்கிறது!

தண்டில் மண்ணை ஒட்டிய இடம் பழுப்பாகி, தோல் கையோடு வந்துவிட்டது. அதைச் சுற்றி வெள்ளை நூல் விசிறிபோல் விரிந்து, மண் மேலும் நான் மூடாக்காகப் போட்ட காய்ந்த இலை மேலும் படர்ந்திருக்கிறது. அதன் நடுவில் கடுகு அளவில் உருண்டைகள், சில வெள்ளை, சில பழுப்பு. பக்கத்துப் பாத்தி அங்கிள் அதை உரக்குருணை என்று சொல்லிவிட்டார். நான் உருண்டை உரம் போட்டதே இல்லை. தண்டைப் பிளந்தால் நடுச்சோறு மேலே வெள்ளை, அடியில் மட்டும் கொஞ்சம் பழுப்பு. நன்றாக இருந்த செடியின் தண்டில் இந்த வெள்ளை எதுவும் இல்லை.

நெல்லிக்காய் எழுதியது:

அக்கா, இவ்வளவு சுத்தமாக எங்கள் வகுப்பில்கூட யாரும் எழுதியதில்லை. இனி சந்தேகமே இல்லை, இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள்.

வேரில் இருப்பது வேர்முடிச்சு நூற்புழு, மெலாய்டோகைன். இந்த வெப்பத்தில், வெண்டைக்குப் பின்னால் என்றால் பெரும்பாலும் இன்காக்னிடா என்ற இனம். குஞ்சு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. வேர்நுனிக்குச் சற்றுப் பின்னால் நுழைந்து ஓர் இடத்தில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த இடத்தைச் சுற்றியுள்ள சில செல்களை ராட்சத செல்களாக மாற்றும். ஒவ்வொன்றிலும் பல உட்கரு, நிறையச் சர்க்கரை, புரதம். செடி இலையில் செய்யும் சாப்பாடெல்லாம் காய்க்குப் போகாமல் அங்கே இறங்கும். நம் ஊர் மண் சூட்டில் முட்டையிலிருந்து அடுத்த முட்டைவரை ஒரு மாதம்கூட ஆகாது. ஒரு பெண் சில நூறு முட்டை போடும். ஒரு வெண்டைப் பருவம் முடிவதற்குள் எத்தனை தலைமுறை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலம் என்ற ஓய்வு அதற்கு இங்கே கிடையாது.

அடித்தண்டில் இருப்பது ஸ்கிளெரோஷியம் ரால்ஃப்சி என்ற பூஞ்சை. வெள்ளை விசிறியும் கடுகு உருண்டையும் அதன் கையெழுத்து. பார்த்தவுடனே பெயர் சொல்லக்கூடிய நோய்கள் சிலதான் உண்டு, இது அதில் ஒன்று. ஆக்சாலிக் அமிலத்தைக் கக்கி, முன்னால் இருக்கும் தண்டுத் திசுவைச் சாகடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் உள்ளே போகும். சூடும் ஈரமும் சேர்ந்தால் கொண்டாட்டம். காற்று வேண்டும் என்பதால் மேல்மண்ணில்தான் வாழும், அழுகாத இலை, வைக்கோல் மேல் படர்ந்து செடிக்குச் செடி தாவும். உங்கள் மூடாக்கு தண்டை ஒட்டிக் கிடந்ததா என்று பாருங்கள். அந்த உருண்டைகள் மண்ணில் பல வருஷம் தாங்கும்.

இரண்டுக்கும் என்ன தொடர்பு? கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ரால்ஃப்சி யார் தயவும் இல்லாமல் தனியாகவே செடியைக் கொல்லும். நூற்புழு அப்படி இல்லை, அது பெரும்பாலும் கொல்லாது, நோஞ்சானாக்கி வைக்கும். ஆனால் வேர் பாதி வீங்கிய செடி, தண்டில் தோல் உரிந்த பிறகு எத்தனை நாள் நிற்கும்? பக்க வேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளவும் வழி இல்லை. ஃபியூசேரியம், ரைசாக்டோனியா மாதிரிப் பூஞ்சைகளுக்கோ நூற்புழு நேராகவே உதவுகிறது. அது தயார் செய்து வைத்த ராட்சத செல்கள் அவற்றுக்குப் பந்தி. அட்கின்சன் என்பவர் அலபாமாவில் பருத்தி வயலைப் பார்த்து 1892லேயே இதை எழுதிவிட்டார்: வேர்முடிச்சு இருக்கும் இடத்தில் ஃபியூசேரியம் வாடல் அதிகம் என்று. உங்கள் வேரின் உள்ளே அப்படி ஏதாவது பூஞ்சையும் இருக்கலாம். ஆய்வகம் இல்லாமல் அதைச் சொல்ல முடியாது, சொல்லியும் வைத்தியம் மாறாது.

நீங்கள் ஊற்றிய மருந்து ஏன் கேட்கவில்லை என்பதற்கும் இதுதான் பதில். பூஞ்சைக்கொல்லியில் பெரும்பாலானவை நூற்புழுவைத் தொடாது, அந்தக் கடுகு உருண்டைக்குள்ளும் எளிதில் இறங்காது. அமெரிக்காவில் ஃப்ளூபைரம் என்ற மருந்தை விதைக்குப் பூசி விதைக்கிறார்கள், அது மடிவுப் பூஞ்சைக்கும் நூற்புழுவுக்கும் சேர்த்து வேலை செய்யும். பிள்ளைகள் கை வைக்கும் சமூகத் தோட்டத்தில் அந்தப் பேச்சே வேண்டாம்.

சரி, என்ன செய்வது. வாடிய செடிகளை வேரோடும், தண்டைச் சுற்றிக் கையகல மேல்மண்ணோடும் எடுத்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தோட்டத்துக் கம்போஸ்ட் குவியலில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அது எல்லார் பாத்திக்கும் போகிற மண், வீட்டு அளவுக் குவியல் இவற்றைக் கொல்லும் சூட்டுக்கு வருமா என்பதும் சந்தேகம். பொது மண்வெட்டியைக் கழுவிக் காய வைத்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள். பச்சையாக நிற்கும் செடிகள் காய் முற்றும்வரை இருக்கட்டும், ஆனால் மூடாக்கைத் தண்டிலிருந்து விலக்கிவிடுங்கள், அடி இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் விடுங்கள்.

பாத்தி முழுக்க மண்ணை மாற்றத் தேவையில்லை. மாற்றினாலும் பலகை இடுக்கிலும் அடிமண்ணிலும் மிச்சம் இருக்கும், பக்கத்துப் பாத்தியிலிருந்தும் வரும். காலியான பிறகு மண்ணைக் கிளறி, நனைத்து, கண்ணாடி போன்ற தெளிவான பிளாஸ்டிக்கால் இறுக்கி மூடி, வெயிலில் ஆறு வாரம் விடுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் அதே அளவு சூடேற்றாது. இங்கே மேகம் அதிகம் என்பதால் புத்தகத்தில் போட்டிருக்கும் பலன் முழுதாக வராது, மேல்மண்ணுக்காவது உதவும், ரால்ஃப்சி இருப்பதும் மேல்மண்ணில்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதைச் செய்து பிரயோசனம் இல்லை.

மாற்றுப் பயிரில்தான் சிக்கல். இரண்டு ஆட்களும் ஒரே பயிருக்கு அடங்க மாட்டார்கள். நிலக்கடலையில் இன்காக்னிடா பெருகாது, ஆனால் ரால்ஃப்சிக்கு நிலக்கடலை என்றால் விருந்து. சோளத்தை ரால்ஃப்சி அவ்வளவாகச் சீண்டாது, ஆனால் அதன் வேரில் இன்காக்னிடா சத்தமில்லாமல் பெருகும். தக்காளி, வெண்டை, கத்தரி, வெள்ளரி, காராமணி எல்லாம் இரண்டுக்கும் சாப்பாடு (தாத்தா மன்னிக்க வேண்டும், காராமணியும் இப்போதைக்கு வேண்டாம்). அதனால் நான் முதலில் நூற்புழுவைக் குறைக்கப் பார்ப்பேன். செண்டுமல்லியைப் பாத்தி முழுக்க நெருக்கமாக, வேறு செடி எதுவும் இல்லாமல், இரண்டு மூன்று மாதம் வளர்க்க வேண்டும். உயிருள்ள வேருக்குள் நுழைந்த குஞ்சுகள் வளராமல் போகும், வேரில் உள்ள ஆல்ஃபா டெர்தியெனைல் என்ற வேதிப்பொருளுக்கும் அதில் பங்கு உண்டு. ஓரத்தில் நாலு செடி நட்டால் பாத்தி நடுவில் இருக்கும் புழுவுக்கு அது தெரியவே தெரியாது. சணப்பை கிடைத்தால் அதுவும் நல்லது. இடையில் தண்டடியில் வெள்ளை தெரியும் செடி எதுவானாலும் அன்றைக்கே பிடுங்கிவிடுங்கள்.

வேப்பம் புண்ணாக்கு போடலாம். மண்ணில் நன்றாகக் கலந்து, ஈரம் காட்டி, மட்கிய பிறகு நட வேண்டும். மட்காத புண்ணாக்கைத் தண்டடியில் குவித்தால் நீங்களே ரால்ஃப்சிக்குப் படையல் போட்ட மாதிரி ஆகும். டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) பொடி கிடைத்தால் கம்போஸ்ட்டில் கலந்து இடுங்கள், அது ரால்ஃப்சி மாதிரிப் பூஞ்சைக்கு. நூற்புழுவை அதை மட்டும் நம்பி விட முடியாது.

முழங்கால் உயரத்தில் பூத்தது நோயால் மட்டும் இல்லை. சோயா பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் பயிர். கோடையில் நீண்ட பகல் உள்ள ஊருக்கான ரகத்தை, வருஷம் முழுக்க 12 மணி நேரம் பகல் இருக்கும் இங்கே போட்டால், வளர்வதற்கு முன்பே பூத்துவிடும். வெப்பமண்டல ரகம் கேட்டுப் பாருங்கள்.

கரிசல்காட்டான் எழுதியது:

மகளோடு உட்லண்ட்ஸில் இருக்கிறேன், ஓய்வு பெற்றவன். மத்தியப் பிரதேசத்தில் இந்தூர், தேவாஸ் பக்கம் விதை கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தபோது சோயாவோடுதான் பிழைப்பு. நெல்லிக்காய் சொன்னதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் பக்கம் மழை தவறிய வருஷத்தில் சோயாவைக் கொல்வது மேக்ரோஃபோமினா ஃபேசியோலினா, கரி அழுகல். அடித்தண்டின் தோலைச் சீவினால் உள்ளே கரித்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். அதற்குச் சூடும் வறட்சியும் வேண்டும். ஈசூனில் அது எங்கே வரும் என்று நினைத்துவிடாதீர்கள். கூரைக்குக் கீழே, தாழ்வாரத் தொட்டியில் தண்ணீர் மறந்த செடிக்கு வரும். நூற்புழு வேரைக் குறைத்துவிட்டால், மண் ஈரமாக இருந்தும் செடிக்கு உள்ளுக்குள் வறட்சிதான். பக்கத்துப் பாத்தி அங்கிளும் குழுத் தலைவியும் ஆளுக்குப் பாதி சரி என்பது என் தீர்ப்பு.

விதையிலும் கவனம் வையுங்கள். தமிழ்நாட்டில் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து விதைக்கச் சொல்வார்கள். உங்களுக்கு ஒரு பிடி விதைதான், ஒரு சிட்டிகை போதும். சோற்றுக் கஞ்சியில் புரட்டி நிழலில் உலர்த்துங்கள்.

முட்டைக்கூடு நூற்புழு அமெரிக்கக் கதை மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதன் சொந்தம் ஒன்று 1961இலேயே ஊட்டி உருளைக்கிழங்கில் அகப்பட்டது. ஊரிலிருந்து வரும்போது செடியையோ ஒரு பிடி மண்ணையோ பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள் என்று என் மருமகனிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

மல்லிச்செடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. செடிகளை எடுத்துப் பையில் கட்டிவிட்டேன். மூடாக்கையும் விலக்கிவிட்டேன், தண்டோடு ஒட்டித்தான் கிடந்தது.

மூன்று சந்தேகம் பாக்கி. காயைப் பற்றி யாரும் சொல்லவில்லை. செண்டுமல்லி விதைக்கு, தேக்காவில் வாங்கும் மாலைப் பூவைக் காய வைத்து உதிர்த்துப் போடலாமா? மூன்றாவது பெரிய தலைவலி: பக்கத்துப் பாத்தி அங்கிளின் வெண்டை ஜம்மென்று காய்க்கிறது. வேரைப் பாருங்கள் என்றால், காய்க்கிற செடியை எதற்குப் பிடுங்க வேண்டும் என்று என் மேல் பாய்கிறார். நடுவில் ஒரு பலகைதான்.

நெல்லிக்காய் எழுதியது:

காயில் பயம் வேண்டாம், இந்தப் பூஞ்சையும் நூற்புழுவும் மனிதரைத் தொற்றாது. பச்சையாக நிற்கும் செடியில், மண்ணில் படாத காயைப் பறித்து உப்புப் போட்டு அவித்துக் கொடுங்கள். ஆனால் நீங்கள் ஊற்றிய மருந்துதான் எனக்குக் கவலை. டப்பாவில் அவரை வகைப் பயிருக்கு அனுமதி இருக்கிறதா, ஊற்றி எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று போட்டிருக்கும். அவரை வகையே அதில் இல்லை என்றால் இந்தக் காய் பிள்ளைகளுக்கு வேண்டாம், பொட்டலமே வாங்கிக் கொடுங்கள்.

மாலைப் பூ முளைக்கும், ஆனால் கொஞ்சம்தான். அடுக்குப் பூ, முற்றாமல் பறித்தது, பாதிக்கு மேல் பதர். பாத்தியை நெருக்கமாக நிரப்ப வேண்டும் என்பதால் விதைப் பாக்கெட்டே வாங்குங்கள். குட்டையாக வளரும் பிரெஞ்சு வகை என்று கேளுங்கள்.

அங்கிள் விஷயம் கஷ்டம்தான். வெண்டை வேரில் முடிச்சு கன்னாபின்னாவென்று இருந்தாலும், தண்ணீரும் உரமும் கொடுத்துக்கொண்டே இருந்தால் சில காலம் காய்த்துத் தள்ளும். புழு பெருகுவதும் அப்போதுதான். அவர் செடியைப் பிடுங்க வேண்டாம். அவர் பாத்தி ஓரத்திலிருந்து இரண்டு கை மண், உங்கள் பாத்தியிலிருந்து இரண்டு கை, கடையில் வாங்கிய புது மண் இரண்டு கை, மூன்றையும் தனித்தனிக் குவளையில் போட்டுக் குவளைக்கு ஒரு வெள்ளரி விதை நடுங்கள். குவளைக்கு அடியில் தட்டு வேண்டாம், தண்ணீர் தேங்கினால் டெங்கிச் சோதனைக்கு வருபவர்கள் விட மாட்டார்கள். ஐந்து வாரத்தில் மூன்றையும் கழுவிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால், கேக் செய்யும் கடையில் விற்கும் நீல உணவுச் சாயத்தைத் தண்ணீரில் கலந்து, வேரைக் கால் மணி நேரம் ஊற வைத்து அலசுங்கள். முடிச்சின் மேல் ஒட்டியிருக்கும் முட்டைத் திரள்கள் நீலப் புள்ளியாகத் தெரியும், பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளரி விதையை அவர் கையாலேயே நடச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிறகு மண்ணை மாற்றிவிட்டதாகச் சொல்வார்.